41 நொடியும் 52 நிமிடமும்

மஞ்சக்குப்பம், கடலூர்
14-9-2025

அன்புள்ள வக்கீலுக்கு,

உன் கடிதமும், மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டு அதோடு வந்த மனுவும் ஆவணி பிறந்தபோதே கைக்கு வந்துவிட்டன. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல்தான். வேறு சாக்கு சொன்னால் குறுக்கு விசாரணை செய்வாய், எதற்கு வம்பு. முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னாராம், நீ குடியிருப்பதோ மூன்றாவது மாடியாம். உன் மகள் என் வீட்டம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

இங்கே சௌக்கியம். மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். பேரன் புதுச்சேரி லாஸ்பேட்டையில் அவன் அப்பாவோடு இருந்து ஆறாம் வகுப்புப் படிக்கிறான், சனி ஞாயிறு என்றால் பஸ் ஏறி வந்துவிடுகிறான். அவனால்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

போன ஞாயிறு கிரகணம் பார்த்தாயா? அன்றைக்குச் சாயங்காலமே பாடலீஸ்வரர் கோயில் வரைக்கும் நடை சாத்திவிட்டார்கள். வீட்டில் தோசைமாவு, ஊறுகாய் ஜாடி, குடிதண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பை. மகளை உள்ளறையில் உட்காரவைத்து ஜன்னலுக்குப் போர்வை கட்டியாயிற்று. முப்பத்து நாலு வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் வீடு இது. நான் ஒன்றும் பேசவில்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

9.57-க்குப் பிடித்தது. கடல் பக்கத்திலிருந்து மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. 11 மணிக்கு முழுசாக மறைந்து, தேய்த்து வைத்த செம்புச் சொம்பு மாதிரி ஆனது. 12.22 வரை அதே நிறம். பேரன் நோட்டில் மணி எழுதிக்கொண்டே வந்தான். பன்னிரண்டரைக்குப் படியில் ஆள் வரும் சத்தம். மகள்! அம்மா தூங்கியதும் நழுவி வந்துவிட்டாள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்று இறங்கிப் போனாள்.

காலையில் என் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எத்தனை மணிக்கு விட்டுச்சு?" 1.26 என்றேன். தினசரிக் காலண்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினாள். கிரகணத்துக்குப் பயப்படுகிறவள்; ஆனால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பயப்பட வேண்டும் என்பதை அவளுக்குச் சொன்னது கணக்கு. அதில் அவளுக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தாளைத்தான் நம்புகிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பேரன் கேட்டான்: "தாத்தா, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல எப்படி மணி சொன்னாங்க?" அவன் ஊரிலேயே பதில் இருக்கிறது என்றேன்.

லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் கதையை ஸ்டாஃப் ரூமில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க வேண்டும் என்று 1760-ல் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூனில் வெள்ளி கடந்தபோது மனுஷன் நடுக்கடலில், ஆடும் கப்பலில். ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்துத்தான், அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல். சரி, இருந்தே பார்த்துவிடுவோம் என்று இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றினார். 1768-ல் புதுச்சேரி வந்தார், இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஆய்வகம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை. மேகம். வெள்ளி கடந்து முடியும்வரை சூரியன் முகம் காட்டவில்லை, முடிந்ததும் பளிச்சென்று வந்தது. நம்ம கடற்கரை மேகத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

அதற்கு மேல் நடந்ததுதான் உன் துறை. 1771-ல் ஊர் திரும்பினால், அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டி வாரிசுகள் சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடு நிற்கிறேன் என்று கோர்ட்டில் போய் வழக்காட வேண்டியதாயிற்று. நீ சர்வீஸில் இப்படி ஒரு கட்சிக்காரரைப் பார்த்திருக்கிறாயா?

ஆனால் பேரனுக்கு நான் சொன்னது இதையல்ல. புதுச்சேரியில் இருந்த நாட்களில் லெ ழாந்தி ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்தை அந்தத் தமிழர் போட்டுக் காட்டிய கணக்கில் கிரகணம் நீடித்த நேரம் 41 நொடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் அப்போது பேர்பெற்ற, மேயர் என்ற ஜெர்மன் வானியலாளர் போட்ட நிலா அட்டவணையில் 68 நொடி கூடிப்போயிற்று. பேரன் குதித்தான். "அப்ப நாமதான் ஜெயிச்சோம்!"

இரு, இன்னொன்று இருக்கிறது என்றேன். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் என்பவர் 1825-ல் நம்ம பஞ்சாங்கங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். அவரும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். பெயரைத் தன் காதில் விழுந்தபடி சாமிநாடன் சஷையா என்று எழுதியிருக்கிறார், சாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம். அந்த மனிதர் தரையில் சோழியைப் பரப்பி, கணக்கின் எண்களை அடக்கிய, மனப்பாடமான வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே, 1825 மே 31 இரவுக் கிரகணத்தைப் போட்டுக் கொடுத்தார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. பிடிக்கும் நேரம் 4 நிமிடம் தவறியது. நடுநேரம் 23 நிமிடம். விடும் நேரம் 52 நிமிடம்.

பேரன் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு அந்த 52 நிமிடத்தின் மேல்தான் வக்கீலே, மதிப்பு அதிகம். வாக்கியங்கள் என்றைக்கோ கட்டியவை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள், நடுவில் வானத்தைப் பார்த்துத் திருத்துவது நின்றுபோயிற்று. அப்படி இருந்தும் சோழியை வைத்து இவ்வளவு கிட்டத்தில் வர முடிந்தது என்பது ஆச்சரியம். எவ்வளவு தள்ளிப்போயிற்று என்று ஒருவன் அளந்து எழுதி வைத்தானே, அது அதைவிடப் பெரிய காரியம். நம்ம பழைய மாணவர்கள் வாட்ஸாப் குழுவில் அந்த 41 நொடி மாதம் ஒருமுறை வலம் வருகிறது. 52 நிமிடத்தை ஒருத்தனும் அனுப்பியதில்லை. நான் போட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள், ஒருவன் என்னிடம் நூற்றுக்கு நூறு வாங்கியவன்.

அதே குழுவில்தான் போன மாதம், சிதம்பரம் நடராசர் கால் வைத்திருக்கும் இடம் பூமியின் காந்த நடுக்கோடு என்று வந்தது. காந்த நடுக்கோடு தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போகிறது, அதனால்தான் அங்கே புவிகாந்த ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டார்கள் என்று பதில் போட்டேன். "சார், உங்களுக்குச் சாமி மேல் என்ன கோபம்?" என்று கேள்வி. கோபம் எனக்கா? ஆனித் திருமஞ்சனத்துக்கு வருஷா வருஷம் போகிறவன் நான். நடராசருக்குக் காந்த ஊசியைக் கொண்டு சர்டிபிகேட் வாங்கித் தருகிறவனுக்குத்தான் அவர் மேல் நம்பிக்கை போதவில்லை.

நம்ம ஊர் சங்கதி இன்னொன்று சொல்கிறேன், இதை எழுதாமல் விட மனசு வரவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி இருந்தது, அப்பர் தருமசேனராக இருந்த இடம் என்பது உனக்குத் தெரியும். அவர் காலத்துக்கு முன்னாலேயே, சக வருஷம் 380-ல், அதாவது கி.பி. 458-ல், பல்லவன் சிம்மவர்மன் ஆட்சியில், சர்வநந்தி என்ற முனிவர் பாடலி என்ற ஊரில் 'லோகவிபாகம்' என்று ஒரு நூல் எழுதினார். அந்தப் பாடலி நம்ம புலியூர்தான் என்கிறார்கள். உலகங்களின் அளவு சொல்லும் சமண நூல். அதில் ஒரு எண்ணை இப்படிச் சொல்கிறது: ஐந்து வெறுமை, பிறகு இரண்டு, ஏழு, வானம், ஒன்று, மூன்று, ஒன்று. வானம் என்றாலும் வெறுமைதான், சுழி. பின்னாலிருந்து எழுதிப் பார். 13107200000. கடைசி ஐந்து சுழியை எடுத்துவிட்டால் 131072. இரண்டைப் பதினேழு தடவை பெருக்கினால் வரும் எண். இடமதிப்பும் சுழியும் இத்தனை தெளிவாக வரும் மிகப் பழைய நூல்களில் இது ஒன்று. அந்த உலக வரைபடத்தை இன்று எந்தச் சமணரும் கையில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட மாட்டார். கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. ரயிலடிக்குப் போகும்போதெல்லாம் அந்த ஐந்து வெறுமையை நினைத்துக்கொள்வேன்.

சரி, உன் மனுவுக்கு வருகிறேன். மகாராஷ்டிரம் 2013-ல் போட்ட மாதிரி மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் வேண்டும், சயின்ஸ் வாத்தியார் என்ற முறையில் கையெழுத்துப் போடு என்கிறாய். அரசியலமைப்பு 51அ(ஹ) விஞ்ஞான மனப்பான்மையைக் குடிமகனின் கடமை ஆக்கியிருக்கிறது என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டாய். 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்ந்த வரி. அதை வைத்து எந்தக் கோர்ட்டிலும் யாரையும் நிறுத்த முடியாது, பல்லில்லாத பாம்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே?

மனுவின் முதல் பகுதிக்கு ஆட்சேபணை இல்லை. பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பது, பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மந்திரிப்பது, இவை மகாராஷ்டிரச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. நான் பண்ருட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை முந்திரித் தோப்பில் பாம்பு கடித்தது. விடியும்வரை வேப்பிலை அடித்தார்கள். ஆஸ்பத்திரி ஆறு மைலில் இருந்தது. மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பகுதிக்கு இரண்டு கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

இரண்டாம் பகுதி, "அறிவியலுக்குப் புறம்பான பஞ்சாங்கம், ஜோதிடம் முதலியவற்றை அச்சிடுவதையும் பரப்புவதையும் தடைசெய்ய வேண்டும்" என்பது. அதை அடித்துவிட்டேன். கோபப்படாமல் கேள்.

உங்கள் யூனியன் பிரதேசத்துத் திருநள்ளாறையே எடுத்துக்கொள். சனிப்பெயர்ச்சி எப்போது? இன்றைய வானியலைக் கொண்டு திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. கோயில் பின்பற்றுவது பழைய வாக்கியங்களை வைத்துப் போடும் வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி 2026 மார்ச்சில்தான் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. சனி ஒருவர், பெயர்ச்சி இரண்டு, நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம். அந்தச் சோழிக்காரரின் 52 நிமிடத்துக்குச் சொந்தக்காரத் தவறுதான் இது. இதைச் சட்டத்தால் திருத்த முடியுமா? முயன்று பார்த்தாயிற்று. 1952-ல் மேகநாத் சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு போட்டார்கள். நாட்டில் 30 வகைப் பஞ்சாங்கம் ஓடிக்கொண்டிருந்தது. சாகா லேசுப்பட்ட ஆளா? நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்கச் சமன்பாடு தந்தவர். குழு ஒழுங்காகக் கணக்குப் போட்டு ஒரு தேசியக் காலண்டர் கொடுத்தது, 1957 மார்ச் 22 முதல் அமல். அரசிதழில் இன்றும் அந்தத் தேதி இருக்கிறது. இன்றைக்கு அதன்படி என்ன தேதி, சொல் பார்க்கலாம்! விஞ்ஞானமும் சர்க்காரும் கைகோத்து வந்தும் என் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கும் தாளை அசைக்க முடியவில்லை.

அசைத்திருக்கவும் கூடாது என்பது என் கட்சி. அந்தத் தாள் என் வீட்டம்மா கையைப் பிடித்து யாரையும் அடிக்கவில்லை. மகள் மாடிக்கு வந்தது எந்தச் சட்டத்தாலும் இல்லை, கீழே போலீஸ் நின்றிருந்தால் அவள் அம்மா பக்கம் சேர்ந்திருப்பாள்.

சட்டம் எங்கே வேண்டும் என்பதற்கு இந்த ஆடியில் எனக்குப் பாடம் கிடைத்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அம்மன் கோயில். கூழ் ஊற்றும் வாரம், நாலு குழாய் ஸ்பீக்கர், விடியற்காலை நாலரைக்கே ஆரம்பம். எதிர்வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பாட்டி ஒவ்வொரு தடவையும் தூக்கிப்போட்டுக்கொண்டு விழிக்கிறாள். 2000-ல் வந்த ஒலி மாசு விதி உனக்கு மனப்பாடம்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது. அதே வருஷம் உச்ச நீதிமன்றம் சென்னைச் சர்ச் வழக்கு ஒன்றில், அடுத்தவன் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று சொன்னது. இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு நல்ல மனிதர்தான், "சாமி விஷயம் சார், ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நான் தெருமுனைக்கு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. வாத்தியார் கறுப்புச் சட்டைக்காரர் ஆகிவிட்டார் என்று பேச்சு. பெரியார் மேல் செருப்பும் விழுந்து, விழுந்த ஊரிலேயே சிலையும் நிற்கிற ஊர் நம்மது, அந்தப் பேச்சில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டி தூங்கவில்லையே.

பேரன் போனில் ஒலி அளக்கும் செயலி இருந்தது. பாட்டி ஜன்னலில் வைத்துப் பார்த்தால் 85 காட்டியது. விழாக் குழுத் தலைவன் என் மாணவன். கூப்பிட்டு உட்காரவைத்து, 55-க்கும் 85-க்கும் 30 தான் வித்தியாசம் என்று நினைக்காதே, ஒவ்வொரு பத்துக்கும் சக்தி பத்து மடங்கு, ஆக ஆயிரம் மடங்கு என்று சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டினேன். தலையைச் சொறிந்தான். பக்கத்தில் நின்ற சவுண்ட் சர்வீஸ்காரப் பையன்தான் வழி சொன்னான். "அண்ணே, ரெண்டு குழாயை இறக்கிட்டா வாடகை பாதி. மீதி ரெண்டைக் கோயில் உள்பக்கம் பார்த்துத் திருப்பிடறேன், கும்பிட வர்றவங்களுக்குக் கேட்டாப் போதாதா?" ஆறு மணிக்கு முன்னால் போடுவதில்லை என்றும் பேசி முடித்தோம். விதிப்படி பார்த்தால் இப்போதும் மீறல்தான், 65-க்குக் குறையவில்லை. பாட்டி தூங்குகிறாள். கடைசி நாள் என் வீட்டுக்கு ஒரு சொம்பு கூழ் வந்தது.

விதி இல்லாவிட்டால் அவன் உட்கார்ந்தே இருக்க மாட்டான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நகல் சட்டைப் பையில் இருந்தது அவனுக்குத் தெரியும்.

நீ கோட் போட்ட புதிதில், 1982 நவம்பரில், ஆரோவில் நிர்வாகத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது பற்றிய வழக்கில் தீர்ப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புதுச்சேரி கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் ஆறிப்போகிறவரை சண்டை போட்டோம். அரவிந்தர் சொன்னது மதமில்லை, தத்துவம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். சின்னப்ப ரெட்டி மட்டும் அதில் ஒத்துப்போகவில்லை. நீ ரெட்டி கட்சி, நான் எதிர்க்கட்சி. இன்று எனக்கு அந்தக் கேள்வியே முக்கியமாகப் படவில்லை. மதமென்றே வைத்துக்கொண்டாலும் நிர்வாகத்தைச் சர்க்கார் எடுத்த 1980 சட்டம் செல்லும் என்பதில் ஐந்து பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். சாமி என்ன என்று கோர்ட் கேட்க வேண்டாம். உண்டியல் கணக்கு எங்கே என்று தாராளமாகக் கேட்கலாம்.

நீ சொல்லிச் சொல்லி அலுக்காத மஞ்சக்குப்பம் கோர்ட் கதையும் அப்படித்தான். 1869-ல் ஆறுமுக நாவலர் வள்ளலார் மேல் போட்ட மானநஷ்ட வழக்கு. வள்ளலார் உள்ளே வந்ததும் நாவலர் உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்பாய். நின்றார்களோ இல்லையோ, அங்கே விசாரித்தது பேசிய வசவைப் பற்றி. பாட்டு அருட்பாவா மருட்பாவா என்பதை அந்தக் கோர்ட் தீர்க்கவில்லை, அந்தச் சண்டை அதற்குப் பிறகும் பல பத்தாண்டு அச்சுக்கூடங்களில் ஓடியது. தீர்த்தது ஜனங்கள்தான், பாடிப் பாடி. வடலூர் ஞானசபையில் லிங்க வழிபாடு கூடாது என்று 2006-ல் அறநிலையத்துறை உத்தரவு போட்டு, 2010-ல் நீதிபதி சந்துரு அதைச் சரியென்றாரே, அதில் முடிவு எனக்குச் சம்மதம், வள்ளலார் எழுதி வைத்ததும் அதுதான். ஆனாலும் ஒரு ஞானி சொன்னதை எடுத்துச் சொல்ல ரிட் மனு தேவைப்பட்டதே என்று ஒரு உறுத்தல் இன்னமும் போகவில்லை. இதில் நீ என்ன சொல்வாய் என்று கேட்க ஆசை.

மனுவை இத்தோடு வைத்திருக்கிறேன். அடித்த இடத்தில் இனிஷியல் போட்டிருக்கிறேன், திருத்தி அனுப்பினால் நம்ம பேட்ச் வாத்தியார்கள் பத்துப் பேரிடமாவது வாங்கித் தருகிறேன்.

இன்னொரு விஷயம். வருகிற மார்ச் 3, மாசி மகத்தை ஒட்டி, மறுபடியும் சந்திர கிரகணம். நிலா கிரகணத்தோடேயே உதிக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றால் ஆறேகால் வாக்கில் கடலிலிருந்து கடிபட்ட நிலா எழுந்து வரும், கணக்குப்படி 6.47-க்கு விடும். பேரன் இப்போதே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சோழி சேர்க்க ஆரம்பித்துவிட்டான், வாக்கியம் கற்றுக்கொண்டு தானே போட்டுப் பார்ப்பானாம். எத்தனை நிமிடம் தவறுகிறான் என்று பார்க்க ஒரு சாட்சி வேண்டும். கைத்தடியை எடுத்துக்கொண்டு வந்து சேர். வீட்டம்மா அன்று அடுப்பு மூட்ட மாட்டாள், டிபனைப் பஸ் ஸ்டாண்டிலேயே முடித்துவிடு.

உன்
வாத்தி